ஏரிக்கரைப் படியில் நின்ற ஆள்

நம் லேபுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் நான்கு பேருக்கும் முதலில் ஈயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது எப்படி, பிசின் என்ன, கரைப்பான் என்ன என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஈயைப் பற்றி அதிகம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஈ ஒரு படத்தின் மேல் உட்கார்ந்தால் சும்மா எழுந்து போகாது. குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போகும். அந்த எச்சம் வருஷக்கணக்கில் காய்ந்து கல்லாகிவிடும். பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போகாது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நுனிக்கத்தியால் ஒவ்வொன்றாகத் தெறிக்க வைக்க வேண்டும். சாமி படமோ, கோட்டும் மீசையுமாக நிற்கும் தாத்தா படமோ என்றால் கவலையில்லை. தாத்தாவின் நெற்றியில் இருக்கும் பழுப்புப் புள்ளி மச்சமா எச்சமா என்பது யாருக்கும் தெரியும். ஆனால் படமே புள்ளிகளால் ஆனதாக இருந்தால்?

எனக்கு அப்படி ஒரு படம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் தாண்டியிருந்தது. என் கை தவறு செய்யாது என்று எனக்கே ஒரு நினைப்பு வந்திருந்த காலம். அந்த நினைப்பு வரும் வயதுதான் இந்தத் தொழிலில் ஆபத்தான வயது.

ஒரு நாள் காலை, லேப் திறந்த கையோடு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடித்துச் செருகிய புடவை, காதில் கல் வைத்த தோடு. அவளுக்கு முன்னால் மீன் வாசனை உள்ளே வந்தது. கையில் பழைய புடவையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். பெயர் அஞ்சலை என்றாள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். ஏலம் விட்டுப் பழகிய குரல், அதனால் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புடவையைப் பிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்பும் பழுப்புமாக ஒரே கசகசப்பு. நாலு எட்டு பின்னால் போனேன். அப்போதுதான் தெரிந்தது. ஓர் ஏரி. கரையில் ஒரு பழைய தோட்ட வீடு, வளைவு வைத்த வராந்தா, வரிசையாகப் பூந்தொட்டி. வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. வீட்டிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டு. எல்லாமே புள்ளி. கோடு என்று ஒன்றுகூட இல்லை. நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைத்திருப்பார்கள். கிட்டே போனால் இரண்டும் தனித்தனி, தள்ளி நின்றால் நம் கண்ணே அதைப் பச்சையாக்கிக்கொள்ளும். அந்த வகை. பொறுமைசாலிகளின் வேலை.

அஞ்சலையின் தாத்தா அந்த வீட்டில் சமையல்காரராக இருந்தவராம். ஊசுட்டேரிக் கரையில் பிரெஞ்சுக்காரக் குடும்பம் ஒன்று வைத்திருந்த வீடு. தாத்தா கடலோரத்துக்காரர், மீன் சமைப்பதற்கென்றே கூட்டிப்போனார்கள். அவர் பெண் செங்கேணி, அதாவது அஞ்சலையின் அம்மா, வளர்ந்தது அங்கேதான். அந்த வீட்டு மதாம், அதாவது வீட்டுக்காரப் பிரெஞ்சு அம்மா, வரைந்த படம் இது. அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது சமையல்காரருக்கு ஒரு நாற்காலியும் இந்தப் படமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்காலி எப்போதோ உடைந்துவிட்டது. படம் செங்கேணி அம்மாவோடு தேங்காய்த்திட்டுக்கு வந்து, மீன் காயவைக்கும் முற்றத்தைப் பார்த்த சுவரில் ஐம்பது வருஷம் தொங்கியிருக்கிறது. ஈக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆப்பரேஷன் என்றாள். அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் படம்.

"கட்டப் பிரிச்சதும் மொதல்ல அதத்தான் பாக்கும். அது இப்பிடி அழுக்கா தெரிஞ்சா, டாக்டரு கண்ணக் கெடுத்துட்டாருன்னு ஆஸ்பத்திரி வாசல்ல போய்க் குந்திக்கும் எங்கம்மா. உங்களுக்குத் தெரியாது அதப் பத்தி."

இவ்வளவு நியாயமான காரணத்தை எந்த மியூசியமும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன்.

அப்போது நம் லேபுக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் முசியே, பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவோம். தமிழர்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு பேசுவார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் போதாது என்றார். போதும் என்றேன். என் வேலையில் தலையிடுவதை அவர் விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

முதல் மூன்று நாள் வானத்தையும் கூரையையும் முடித்தேன். நான்காம் நாள் வராந்தா. ஈ எச்சம் எது, மதாம் வைத்த புள்ளி எது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. மதாமின் புள்ளி பெரியது, சாயம் தடித்து மேடாக இருக்கும். எச்சம் சின்னது, பழுப்பு, தட்டினால் தெறிக்கும். பழுப்பைப் பார், கத்தியை வை, தட்டு. பழுப்பைப் பார், கத்தியை வை, தட்டு. கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. கை தாளத்துக்கு வந்துவிட்டால் கண் தூங்கப் போய்விடும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் மதியம் படிக்கட்டுக்கு வந்தேன். அங்கே எச்சம் மற்ற இடத்தைவிட அதிகம். ஓரிடத்தில் மட்டும் கும்பலாக மொய்த்திருந்தது. ஏன் இங்கே மட்டும் இவ்வளவு என்று ஒரு கேள்வி மனதில் எழுந்தது. எழுந்ததை உட்கார வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டே போனேன். நாற்பது, ஐம்பது எடுத்திருப்பேன். சில துணுக்குகள் கத்தி நுனியில் மினுங்கின. தேன் காய்ந்தாற்போல வெளிச்சம் உள்ளே போகும் துணுக்கு. எச்சம் மினுங்காது, அது எனக்குத் தெரியும். அதையும் பார்த்தேன், தட்டிக்கொண்டே போனேன்.

நாலு மணிக்கு டீ வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டம்ளரோடு நாலு எட்டு பின்னால் போய்ப் படத்தைப் பார்த்தேன். படிக்கட்டில் ஒரு வெள்ளைத் தலைப்பாகை தெரிந்தது. மூன்றே புள்ளி, ஆனால் தலைப்பாகைதான். அதற்குச் சற்றுக் கீழே ஒரு வேட்டி. வேட்டிக்குக் கீழே மூன்று பழுப்புப் புள்ளி. தலைப்பாகைக்கும் வேட்டிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. படிக்கட்டின் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

அங்கே ஒரு ஆள் நின்றிருக்கிறார். நான் அவரைத் துடைத்துவிட்டேன்.

அந்த டீயை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. நான் தட்டிய துணுக்குகளெல்லாம் ஏற்கெனவே குப்பையோடு போயிருந்தன. முதலில் என்ன செய்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. தட்டில் பழுப்பு நிறம் கலந்தேன். மெல்லிய தூரிகையை எடுத்தேன். பத்துப் பதினைந்து புள்ளி, அரை மணி நேர வேலை. அழுக்கு மூடிக் கிடந்த படம், அங்கே ஆள் இருந்தாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. சுத்தம் செய்ததும் ஒருவர் வெளியே வந்தார் என்று பாராட்டுக்கூட கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் பழைய போட்டோவைத் திறந்தேன். வேலை தொடங்கும் முன் நாம் எடுக்கும் போட்டோ. படிக்கட்டை மட்டும் பெரிதாக்கினேன். ஐம்பது அறுபது பழுப்புப் புள்ளி. எது ஆள், எது ஈ? ஒரு முறை பார்த்தால் நான்கு புள்ளிகள் மூஞ்சி மாதிரி தெரிந்தன. இன்னொரு முறை பார்த்தால் வேறு நான்கு. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். நான் புள்ளி வைத்தால் அந்த மனிதரின் பாதி உடம்பு ஈ எச்சத்தைப் பார்த்து வைத்ததாக இருக்கும். அதை அவர் குடும்பம் காலமெல்லாம் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரிகையைக் கழுவி வைத்தேன்.

முசியே அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பிரெஞ்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எத்தன புள்ளி எடுத்திருப்ப?"

"தெரியல முசியே."

"ரிப்போர்ட்ல எழுதிட்டியா?"

இல்லை என்றேன். முதலில் எழுது, அப்புறம் அவர்களிடம் போய்ச் சொல், அதுக்கப்புறம்தான் மற்ற யோசனை என்றார். அவ்வளவுதான் பேசினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, டீ ஆறிவிட்டது, வேறு குடி என்றார். இருபது வருஷத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். திட்டியிருந்தால் என் தவறை விட்டுவிட்டு அவர் கோபத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பேன்.

ரிப்போர்ட்டில் எழுதினேன். 'படிக்கட்டில் இருந்த மனித உருவத்தின் மேற்பகுதி, சுத்தம் செய்தவரின் கவனக்குறைவால் அழிந்தது.'

மறுநாள் விடிந்ததும் நான் குடியிருந்த உழவர்கரையிலிருந்து பஸ் பிடித்துத் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். படகுகள் வந்து ஏலம் நடக்கிற நேரம். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், பிளாஸ்டிக் கூடை, சங்கராவும் வஞ்சிரமும் குவியல் குவியலாக. நடுவில் அஞ்சலை நின்று விலை கூவிக்கொண்டிருந்தாள். அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்த பார்வையில், ஒருவர் மூக்கைச் சொறிந்தால்கூட விலை ஏறியது. நான் ஓரமாக நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆனால் கையிலிருந்த குவியலை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

"படத்துக்கு என்னா ஆச்சுக்கா?"

மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அக்கா என்றதும் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். படியில் ஓர் ஆள் நின்றிருந்தார், எச்சம் என்று நினைத்து அவரை எடுத்துவிட்டேன், தவறு என்னுடையது என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். படத்தில் ஆள் ஏது என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற படம், வீடு உண்டு, நாய் உண்டு, ஆள் யாரும் கிடையாது என்று அடித்துச் சொன்னாள். நான் போன் எடுத்துக் காட்டினேன். தலைப்பாகையையும் வேட்டியையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும், நான் வந்து சொல்லியிருக்காவிட்டால். அந்த நினைப்பு எனக்கும் வந்தது, அவள் கண்ணிலும் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு, வா என்று முன்னால் நடந்தாள்.

செங்கேணி அம்மா வீட்டு வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். கண் இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது, ஆனால் விரல்கள் பார்க்காமலே தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன. அஞ்சலை விஷயத்தைச் சொன்னாள். என்னைவிட மென்மையாகச் சொன்னாள். அந்தக் குரலில் அவளால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவின் விரல்கள் நின்றன.

"எங்கப்பாரத் தொடச்சிட்டியா?"

ஆமாம்மா என்று சொன்னதாக நினைவு. கை நீட்டி என் கையைத் தேடினார். மீன் ஈரத்தோடு என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எது துடைத்தது என்று பார்க்கிறாரோ என்று தோன்றியது. பிறகு, தலைப்பா இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேட்டி? இருக்கிறது. வேட்டிக்குக் கீழே? மூன்று புள்ளி இருக்கிறது என்றேன்.

"அது காலு. நான் வச்சது பதினாலு. அப்ப பதினொண்ணுதான் போயிருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "காலு இருக்குதில்ல, எங்க போயிடப் போறாரு."

நான் வச்சது என்றாரே, அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. நான் கேட்பதற்குள் அஞ்சலை கேட்டுவிட்டாள். அம்மா நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

மதாம் அந்தப் படத்தை மாசக்கணக்கில் வரைந்தாராம். சமையல்காரர் பெண் செங்கேணிக்கு அப்போது எட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். வீடு வந்தது, பூந்தொட்டி வந்தது, நாய் வந்தது. தினமும் காலையில் அந்தப் படியில் நின்று மீன் ஆய்கிற அப்பா மட்டும் வரவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்டதற்கு, அவங்க வீட்டைத்தான் வரையறாங்க, ஆளை இல்ல என்றாராம். நாய் இருக்குதே என்று கேட்டிருக்கிறது. அவர் குனிந்து மீனை ஆயத் தொடங்கிவிட்டாராம்.

ஒரு நாள் மதியம் மதாம் படுத்திருந்த நேரம். குசினி அடுப்பில் அப்பா புட்டிங்குக்காகச் சர்க்கரையைக் கருக்கிப் பாகு வைத்திருந்தார். பெண் தீக்குச்சியை அதில் தோய்த்துக்கொண்டுபோய், ஒவ்வொரு புள்ளியாகப் படியில் அப்பாவை வைத்துவிட்டது. மூஞ்சிக்கு நாலு, மாருக்கு மூணு, கைக்கு ரெண்டு ரெண்டு, காலுக்கு மூணு. ஒரு கால் தண்ணீருக்குள் இருப்பதால் அதற்கு ஒன்று போதுமென்று விட்டதாம்.

மதாம் எழுந்து வந்து பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து பார்த்துவிட்டு, பெண்ணை அடிக்கக் கை ஓங்கினாராம். மதாம் அவர் கையைப் பிடித்து, போய்ப் படியில் நில் என்றிருக்கிறார். அவர் போய் நின்றார். அவரைப் பார்த்துப் பார்த்து வெள்ளைச் சாயத்தில் வேட்டியும் தலைப்பாகையும் மதாமே வைத்தார். சர்க்கரைக்கு எறும்பு வருமே என்று அந்த இடத்தில் மேலே வார்னிஷும் பூசினார்.

எறும்பைத் தடுத்த வார்னிஷ் ஈயைத் தடுக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் படியில் மட்டும் ஏன் அவ்வளவு மொய்த்தது, ஏன் மினுங்கியது என்பதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்விகளை நான் முந்தின நாளே கேட்டு நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்துங்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சந்தேகம் எப்படி வரும் என்பதுதான் அதில் இருக்காது. பெரிதாகக் கதவைத் தட்டி வராது. கத்தி நுனியில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான்.

இத்தனை வருஷமாய் இதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அஞ்சலை சண்டைக்கு நின்றாள்.

"நீ எங்க நின்னு கேட்ட? கூடைய எடுத்துக்கினு ஓடிக்கினே இருந்த."

அஞ்சலை வாயை மூடிக்கொண்டாள். அது அரிதான காட்சி என்பது சுற்றி நின்ற அக்கம்பக்கத்துப் பெண்களின் முகத்திலேயே தெரிந்தது.

லேபுக்குத் திரும்பி முசியேயிடம் முழுவதும் சொன்னேன். எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. பதினான்கு புள்ளி எங்கெங்கே என்பது இப்போது தெரியும், அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் வைத்துவிடலாம். முசியே கூடாது என்று தலையை ஆட்டினார்.

"வரஞ்சவங்க உசுரோட இருக்காங்க. அப்புறம் நாம யாரு அதுல கை வைக்க?"

அந்த அம்மாவையே வைக்கச் சொல்வது விதியிலும் இல்லை, விதிக்கு விரோதமும் இல்லை. நாற்பது வருஷ அனுபவத்தில் அவருக்கும் அது முதல் தடவை. ஒரு படத்தில் ஒரு மூலையை வரைந்தவர், நம்மோடு பஸ் தூரத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கட்டுப் பிரிப்பதற்குள் படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டும் திட்டம் கைவிடப்பட்டது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று அம்மா முதலில் பார்த்தது அஞ்சலையைத்தான். பார்த்துவிட்டு, இவ்வளவு நரைச்சிடுச்சா உனக்கு என்று கேட்டாராம். அஞ்சலை என்னிடம் போனில் இதைப் புகாராகச் சொன்னாள், ஆனால் சந்தோஷம் தாங்காத குரல். டாக்டர் அனுமதிக்கும்வரை மூன்று வாரம் காத்திருந்தோம். அந்த மூன்று வாரத்தில் மீதிப் படத்தை முடித்தேன். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு. பத்துப் புள்ளிக்கு ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெறும்வரை போகவில்லை. காய்கறி நறுக்கும்போதுகூடப் பின்னால் போய்ப் பார்க்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அம்மா வருகிற நாளுக்கு முன் நிறத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. திரும்பவும் சர்க்கரை வைக்க முடியாது. ஆனால் நிறம் அதே நிறமாக இருக்க வேண்டும். காலில் மிச்சமிருந்த மூன்று புள்ளி மங்கிப்போயிருந்தது. என்ன செய்வது என்று யோசித்தபோது அஞ்சலையே ஒரு பையில் அரை கிலோ சர்க்கரையோடு வந்து நின்றாள். நம் லேப் அடுப்பில், பிசின் காய்ச்சும் சட்டிக்குப் பக்கத்தில், சர்க்கரையைக் கருக்கினாள். கட்டடம் முழுக்க வாசனை. மாடியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து, என்ன வேலை நடக்கிறது என்று கேட்டு நின்றார்கள். முதல் தடவை தீய்ந்து கறுத்துவிட்டது. இரண்டாவது தடவை வெளுப்பு. மூன்றாவது தடவை முசியே கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது என்றார். பார்த்த பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் சாயம் கலந்தேன். எப்போது வேண்டுமானாலும் படத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடக்கூடிய சாயம்.

அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். புதுப் புடவை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருந்தோம். நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அவர் படத்தின் ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் பயம். நான் இன்னும் எதையோ துடைத்துவிட்டேனோ என்று படம் முழுவதும் என் கண் ஓடியது. கடைசியில், ஏரி இவ்வளவு நீலமா என்று கேட்டார். இத்தனை வருஷம் அழுக்கும் புரையுமாகப் பழுப்புத் தண்ணீரையே பார்த்துப் பழகிவிட்டார். நீலம்தாம்மா என்றேன். ஆமாம், அன்னைக்கும் நீலம்தான் என்றார்.

தூரிகை கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அஞ்சலை முந்தானையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். குச்சியின் மருந்தை உதிர்த்துவிட்டு, அந்த நுனியைச் சாயத்தில் தோய்த்தார். எழுபது வயதுக்கு மேல் கை லேசாக ஆடும். குச்சி படத்தை நெருங்கும்போது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் இருபது வருஷத்தில் வேறொருவர் கையை நம்பி நான் அப்படி நின்றதில்லை. முசியே என் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் அப்படித்தான் நின்றார்.

முதல் புள்ளி மூஞ்சியில் விழுந்தது. அஞ்சலை ஒண்ணு என்றாள். ரெண்டு என்றாள். நாலாவதுக்குள் லேபே சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டது. மாருக்கு மூணு. வலது கைக்கு ரெண்டு. இடது கைக்கு வரும்போது அம்மா நிறுத்தி, மீன் எந்தக் கையில் பிடிப்பார் என்று தன் கைகளையே வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு ரெண்டு. பதினொன்று ஆனதும் குச்சியைத் தட்டில் வைத்தார்.

நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி, நாலு எட்டு பின்னால் கூட்டிப்போனேன். எல்லோரும் கூடவே பின்னால் வந்தோம். படியில் ஒருவர் நின்றார். தலைப்பாகை, வேட்டி, ஒரு கால் தண்ணீருக்குள். அஞ்சலை தன் தாத்தாவை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். கை ஆடியதில் புள்ளிகள் பழையதைவிடப் பெரிதாக விழுந்திருந்தன. எனக்கும் அது தெரிந்தது, சொல்ல மனம் வரவில்லை. அவரே சொன்னார்.

"அப்பாரு கொஞ்சம் பெருத்துட்டாரு."

வேண்டுமானால் ஓரங்களைச் சற்று எடுத்துச் சின்னதாக்கித் தருகிறேன் என்று நுனிக்கத்தியை எடுத்தேன். அதற்குத்தானே நான் இருக்கிறேன். அம்மா என் கையிலிருந்த கத்தியை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ ஒண்ணும் தொட வேணாம், இருக்கட்டும். இத்தினி வருசம் மவ ஊட்டுச் சோறு தின்னவரு, பெருக்காம?"